பேர் ஒன்று, பாட்டு வேறு: ஒரே முதல் வரிப் பாட்டுகளும் ரீமிக்ஸும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இருபது வருடமாக மெல்லிசைக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறேன். கோயில் கொடை, கல்யாண வரவேற்பு, ஆண்டு விழா என்று எங்கே போனாலும் கூட்டத்திலிருந்து மேடைக்குத் துண்டுச் சீட்டு வரும். அதில் பாட்டின் முதல் இரண்டு வார்த்தை இருக்கும், வேறொன்றும் இருக்காது. அந்த இரண்டு வார்த்தையில் நான்கு பாட்டு இருக்கிறது என்பது எழுதிக் கொடுத்தவருக்குத் தெரியாது, அவர் மனதில் ஓடுவது ஒன்றுதான். கச்சேரி முடிந்து சாமான் கட்டும்போது இதைப் பற்றியும் ரீமிக்ஸ் பற்றியும் பலர் நின்று கேட்பார்கள். அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

தமிழில் மட்டும் ஏன் இத்தனை பாட்டு ஒரே பெயரில் இருக்கிறது?

நம் சினிமாப் பாட்டுக்குத் தனியாகப் பெயர் வைக்கும் வழக்கம் கிடையாது. பல்லவியின் முதல் வரி எதுவோ அதுதான் பெயர். இது சினிமா கொண்டுவந்த பழக்கமும் இல்லை. பழைய தமிழ் நூல்களைப் பதிப்பித்தவர்கள் கடைசியில் செய்யுள் முதற்குறிப்பு அகராதி என்று ஒரு பட்டியல் போடுவார்கள். பாட்டைத் தேடுகிறவர் அதன் முதல் சொல்லைப் பிடித்துத்தான் தேடுவார். சங்கப் புலவர்களில் சிலருக்குப் பெயரே பாட்டில் வந்த சொல்லிலிருந்துதான் வந்தது. குறுந்தொகை 40-ஆம் பாட்டில் "செம்புலப் பெயல்நீர்" என்று எழுதியவர் இன்றுவரை நமக்குச் செம்புலப்பெயனீரார்தான்.

பல்லவிக்கு ஏற்ற சொற்கள் சினிமாவில் எல்லாருக்கும் பொதுவானவை. அன்பே, உயிரே, கண்ணே, நிலவே, மலரே. விளிக்கும்போது ஏகாரத்தை நீட்டிப் பாட வசதியாக இருக்கிறது, மெட்டில் நிற்க இடம் கிடைக்கிறது. அதனால் பாடலாசிரியர்கள் இந்தச் சொற்களிடம் திரும்பத் திரும்ப வருகிறார்கள். என் கணக்கில் அது குறை இல்லை. அடுத்த வரியில் அவர்கள் எங்கே போகிறார்கள் என்பதுதான் பாட்டு.

"வெண்ணிலவே" என்று எழுதிக் கொடுத்தால் எந்தப் பாட்டு வாசிப்பீர்கள்?

ஒரு கல்யாண வரவேற்பில் இந்தச் சீட்டு வந்தது. பாடகர் இளையவர், "துப்பாக்கி" படப் பாட்டை ஆரம்பித்தார். முன்வரிசையில் இருந்த பெரியவர் பல்லவி முடியும் வரை காத்திருந்துவிட்டு, மேடைப் பக்கம் வந்து, "தம்பி, நான் கேட்டது பிரபுதேவா பாட்டு" என்றார். அவர் முகத்தில் இருந்த ஏமாற்றம் இன்னும் நினைவிருக்கிறது. அடுத்த பாட்டாக அதையே வாசித்தோம்.

அவர் கேட்டது 1997-ல் வந்த "மின்சார கனவு" படத்தின் "வெண்ணிலவே வெண்ணிலவே". ஏ.ஆர். ரஹ்மான் இசை, வைரமுத்து வரிகள், ஹரிஹரனும் சாதனா சர்கமும் பாடியது. எங்கள் பாடகர் ஆரம்பித்தது 2012-ல் ஹாரிஸ் ஜெயராஜ் இசையில் வந்த "வெண்ணிலவே". அதைப் பாடியவரும் ஹரிஹரன்தான், உடன் பாம்பே ஜெயஸ்ரீ. அதே குரல், அதே சொல், நடுவில் பதினைந்து வருடம். குழப்பம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதோடு முடியவில்லை. "மின்சார கனவு" வந்த அதே 1997-ல், அதே ரஹ்மான், அதே வைரமுத்து கூட்டணியில் "இருவர்" படத்துக்காக ஆஷா போஸ்லே பாடியது "வெண்ணிலா வெண்ணிலா". 2006-ல் "வேட்டையாடு விளையாடு" படத்தில் "வெண்ணிலவே வெள்ளி வெள்ளி நிலாவே". இன்னும் பின்னால் போனால் 1955-ல் "மிஸ்ஸியம்மா". அதில் ஏ.எம். ராஜாவும் பி. லீலாவும் பாடிய "வாராயோ வெண்ணிலாவே" முதல் சொல்லால் தப்பித்தாலும், பாதி பேர் அதையும் "வெண்ணிலாவே பாட்டு" என்றுதான் கேட்பார்கள்.

சீட்டு வந்தால் இப்போதெல்லாம் எந்தப் படம் என்று கேட்ட பிறகுதான் ஸ்கேல் பிடிக்கிறோம்.

இதே மாதிரி அடிக்கடி குழம்பும் பாட்டுகள் வேறு என்ன?

"அன்பே அன்பே" முதலில் வரும். 1998-ல் மட்டும் இரண்டு. "ஜீன்ஸ்" படத்தில் ரஹ்மான் இசையில் "அன்பே அன்பே கொல்லாதே", "உயிரோடு உயிராக" படத்தில் வித்யாசாகர் இசையில் "அன்பே அன்பே நீ என் பிள்ளை". இரண்டிலும் ஹரிஹரன் குரல். முதலாவது எல்லா மேடையிலும் ஒலிக்கிறது, இரண்டாவதை யாரும் கேட்பதில்லை. பெயர் ஒன்றாக இருந்ததால் மெல்லிய பாட்டு பெரிய பாட்டின் நிழலில் போய்விட்டது என்றே நினைக்கிறேன். வித்யாசாகரின் அந்த மெட்டைக் கேட்காதவர்கள் ஒருமுறை கேளுங்கள்.

"கண்ணம்மா" இன்னொன்று. "றெக்க" (2016) படத்துக்கு டி. இமான் இசையில் யுகபாரதி எழுதி நந்தினி ஸ்ரீகர் பாடியது. "காலா" (2018) படத்துக்குச் சந்தோஷ் நாராயணன் இசையில் உமாதேவி எழுதி பிரதீப் குமாரும் தீயும் பாடியது. "இஸ்பேட் ராஜாவும் இதய ராணியும்" (2019) படத்துக்குச் சாம் சி.எஸ். இசையில் அனிருத் பாடியது. நான்கு வருடத்துக்குள் மூன்று கண்ணம்மா. மூன்று பேருக்கும் அந்தப் பெயரைக் கொடுத்தது பாரதி.

சில பாட்டுகளில் ஓர் எழுத்து மட்டும் மாறும். 1960-ல் "மன்னாதி மன்னன்" படத்துக்குக் கண்ணதாசன் எழுதி பி. சுசீலா பாடியது "கண்கள் இரண்டும்". 2008-ல் "சுப்ரமணியபுரம்" படத்துக்கு ஜேம்ஸ் வசந்தன் இசையில் தாமரை எழுதியது "கண்கள் இரண்டால்". வீட்டில் பாட்டியும் பேத்தியும் ஒரே சமயத்தில் கேட்டால் இரண்டையும் வாசித்தாக வேண்டும்.

"சுட்டும் விழிச்சுடர்" இரண்டு படத்தில் வருகிறதே, ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுதியதா?

இல்லை. இரண்டும் வேறு வேறு வகையில் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. பாரதியின் கண்ணன் பாட்டில் "கண்ணம்மா என் காதலி" என்ற பகுதியில் வருவது "சுட்டும் விழிச்சுடர் தான் கண்ணம்மா". 2000-ல் வந்த "கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்" படத்தில் பாரதியின் வரிகளையே ரஹ்மான் மெட்டமைக்க, ஹரிஹரன் பாடினார். 2005-ல் "கஜினி" படத்தில் வரும் "சுட்டும் விழிச் சுடரே" நா. முத்துக்குமார் எழுதியது. முதல் தொடரை மட்டும் பாரதியிடமிருந்து வாங்கிக்கொண்டு, மற்றதை அவர் தானே கட்டினார். ஸ்ரீராம் பார்த்தசாரதியும் பாம்பே ஜெயஸ்ரீயும் பாடியது, இசை ஹாரிஸ் ஜெயராஜ்.

முதலாவதில் பாட்டே பாரதியுடையது. இரண்டாவதில் பாரதிக்கு ஒரு வணக்கம் இருக்கிறது. கச்சேரியில் அறிவிக்கும்போது இந்த வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பேன். "கஜினி பாட்டு பாரதியார் எழுதியது" என்று சொல்லிவிட்டால் முத்துக்குமாருடைய உழைப்பு காணாமல் போகிறது. "கண்டுகொண்டேன்" பாட்டைச் சொல்லும்போது பாரதி பெயரை விட்டால் அதுவும் தப்பு.

பாரதி வரிகளை யாரும் எடுத்து மெட்டமைக்கலாம். அவர் 1921-ல் மறைந்தார். அவருடைய எழுத்துகளின் உரிமையை 1949-ல் சென்னை மாகாண அரசு பெற்று, பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது. அதனால்தான் "சின்னஞ்சிறு கிளியே கண்ணம்மா" கர்நாடகக் கச்சேரியிலும் ஒலிக்கிறது, சினிமாவிலும் ஒலிக்கிறது. (1983-ல் "முந்தானை முடிச்சு" படத்தில் வந்த "சின்னஞ்சிறு கிளியே" வேறு பாட்டு. இளையராஜா இசையில் எஸ்.பி. பாலசுப்ரமணியமும் எஸ். ஜானகியும் பாடியது. முதல் இரண்டு சொல்தான் ஒன்று.)

ஒருவர் வைத்த பாட்டுப் பெயரை இன்னொருவர் வைத்தால் வழக்குப் போட முடியாதா?

வெறும் தலைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது. 2015-ல் "தேசி பாய்ஸ்" என்ற இந்திப் படத்தின் தலைப்பு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. சில பொதுச் சொற்களைச் சேர்த்து வைத்த தலைப்பு தனி ஒரு படைப்பு ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். படத் தலைப்புகளைத் தயாரிப்பாளர் சங்கங்களில் பதிவு செய்வது தொழிலுக்குள் இருக்கும் ஏற்பாடு.

அதனால்தான் பாட்டு வரிகள் படப் பெயர்களாகவும் மாறுகின்றன. "பொன்மகள் வந்தாள்" 1970-ல் "சொர்க்கம்" படப் பாட்டு, 2020-ல் ஒரு படம். "எங்கேயும் எப்போதும்" 1979-ல் பாட்டு, 2011-ல் படம். 1999-ல் "படையப்பா" படத்தில் "மின்சாரக் கண்ணா" பாட்டு வந்தது. அதே வருடம் அதே பெயரில் படமும் வந்துவிட்டது.

ரீமிக்ஸ், ரீமேக், கவர் எல்லாம் ஒன்றுதானா?

பேச்சில் எல்லாவற்றையும் ரீமிக்ஸ் என்கிறோம். உண்மையில் மூன்றும் வேறு.

பழைய ஒலிப்பதிவையே எடுத்து, அதே குரலை வைத்துக்கொண்டு, தாளத்தையும் வாத்தியங்களையும் மாற்றினால் அது ரீமிக்ஸ். பழைய மெட்டை வைத்துக்கொண்டு புதுப் பாடகர், புது வாத்தியம், சில சமயம் புது வரிகள் என்று முழுவதும் மறுபடி பதிவு செய்தால் ரீமேக். தமிழ்ப் படங்களில் ரீமிக்ஸ் என்ற பெயரில் வந்ததில் பெரும்பகுதி இந்த வகைதான். மெட்டையும் வரியையும் மாற்றாமல் வேறு ஒருவர் பாடினால் கவர். நாங்கள் மேடையில் செய்வது கிட்டத்தட்ட இந்தக் கவர் வேலைதான்.

அப்புறம் இப்போது லோஃபை என்றும், வேகத்தைக் குறைத்து எதிரொலி சேர்த்த பதிப்பு என்றும், இரண்டு மூன்று பாட்டை ஒட்டிய மாஷப் என்றும் வருகின்றன. இவற்றில் பழைய பதிவு அப்படியே இருக்கும், வேகமோ சுருதியோ மாறியிருக்கும். பயணத்தில் கேட்க நன்றாக இருக்கலாம். ஆனால் முதன்முதலாக ஒரு பாட்டை இந்த வடிவத்தில் கேட்கும் பிள்ளை, அந்தப் பாடகரின் உண்மையான குரல் இதுதான் என்று நினைத்துக்கொள்கிறது. எனக்கு அது வருத்தம்.

தமிழ் சினிமாவில் ரீமிக்ஸ் எப்போது ஆரம்பித்தது?

பலரும் முதலாவதாகக் குறிப்பிடுவது 2003-ல் விஷ்ணுவர்தன் இயக்கிய "குறும்பு" படத்தின் "ஆசை நூறு வகை". இசை யுவன் சங்கர் ராஜா. மூலப் பாட்டு 1983-ல் "அடுத்த வாரிசு" படத்தில் மலேசியா வாசுதேவன் பாடியது, இசை இளையராஜா. அப்பாவின் பாட்டை மகன் எடுத்திருக்கிறார்.

அடுத்த வருடம் "மன்மதன்" படத்தில் "என் ஆசை மைதிலியே". 1986-ல் "மைதிலி என்னை காதலி" படத்துக்காக டி. ராஜேந்தர் போட்ட பாட்டு அது. 2004-ல் அதற்கு ஆடியவர் அவருடைய மகன் சிலம்பரசன், இசை மறுபடியும் யுவன். 2008-ல் "சிலம்பாட்டம்" படத்தில் "வச்சுக்கவா". 1984-ல் "நல்லவனுக்கு நல்லவன்" படத்துக்கு இளையராஜா போட்டதை எடுத்தவர் அதே யுவன், ஆடியவர் அதே சிலம்பரசன். இந்த வரிசையை யோசித்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். தமிழில் ரீமிக்ஸ் அலையின் முக்கியமான பாட்டுகள், அப்பாக்களின் பெட்டியைப் பிள்ளைகள் திறந்து எடுத்தவை. கேட்டு வளர்ந்த பாட்டைத் தன் காலத்து உடுப்பில் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார்கள். வெறும் வியாபாரம் என்று மட்டும் இதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இதே காலத்தில் எம்.எஸ். விஸ்வநாதனின் பாட்டுகளும் வந்தன. 1964-ல் "படகோட்டி" படத்துக்கு விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையில் வாலி எழுதிய "தொட்டால் பூ மலரும்" 2004-ல் "நியூ" படத்தில் ரஹ்மான் இசையில் வந்தது. ஆலங்குடி சோமு எழுதி டி.எம். சௌந்தரராஜன் பாடிய "பொன்மகள் வந்தாள்" 2007-ல் "அழகிய தமிழ்மகன்" படத்தில் வந்தது, அதுவும் ரஹ்மான்தான். அதே வருடம் "பில்லா" மறுபடி எடுக்கப்பட்டபோது, 1980-ஆம் வருடப் படத்தின் "மை நேம் இஸ் பில்லா", "வெத்தலையை போட்டேண்டி" இரண்டும் யுவன் கையில் புதிதாயின. இயக்கம் "குறும்பு" எடுத்த அதே விஷ்ணுவர்தன்.

இவற்றில் உங்களுக்குப் பிடித்தது எது?

2007-ல் "பொல்லாதவன்" படத்தில் வந்த "எங்கேயும் எப்போதும்". மூலம் 1979-ல் "நினைத்தாலே இனிக்கும்" படத்துக்குக் கண்ணதாசன் எழுதி, எம்.எஸ்.வி. இசையில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடியது. புதிய பதிப்பிலும் பாலு குரல் இருக்கிறது, பக்கத்தில் யோகி பி ராப் பாடுகிறார். பழைய ஆளை வெளியே அனுப்பாமல் மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்த மாதிரி இருக்கும். மேடையில் இதை வாசித்தால் நாற்பது வயதுக்காரரும் எழுந்து ஆடுவார், இருபது வயதுக்காரரும் ஆடுவார்.

பிடிக்காதவை, பல்லவியை மட்டும் எடுத்துக்கொண்டு சரணத்தைத் தூக்கி எறிந்தவை. படத்தின் பெயரைச் சொல்லவில்லை, அப்படி நிறைய இருக்கின்றன. பல்லவி ஊருக்கே தெரியும். பாடலாசிரியர் தன் மனதைத் திறந்து பேசுவது சரணத்தில்தான். அங்கே வெறும் டிரம்ஸ் லூப்பைப் போட்டு நிரப்பினால் அந்தப் பாட்டில் பாதி செத்துவிடுகிறது.

யோகி பி என்றால் "மடை திறந்து" பாடியவரா?

ஆமாம், மலேசியத் தமிழர். 2006-ல் "யோகி பி & நட்சத்ரா" குழுவின் "வல்லவன்" என்ற ஆல்பத்தில் வந்தது அந்தப் பாட்டு. சினிமாவுக்காகப் போட்டதில்லை. மூலம் 1980-ல் "நிழல்கள்" படத்துக்கு இளையராஜா இசையில் எஸ்.பி.பி. பாடியது. வாய்ப்புத் தேடும் ஓர் இசைக் கலைஞன் தன் கனவைப் பாடுவதாக வரும். அதைக் கோலாலம்பூர் ராப் பையன்கள் தங்கள் கதையாக எடுத்துக்கொண்டார்கள். பழைய பாட்டின் அர்த்தம் புதிய பாட்டில் தொடர்கிறது, அதனால்தான் அது நிற்கிறது.

எங்கள் குழுவில் சேர வரும் பையன்களில் பாதிப் பேருக்கு "மடை திறந்து" என்றால் யோகி பி பதிப்புதான். முதல் ஒத்திகையில் "நிழல்கள்" பாட்டைப் போட்டுக் காட்டுவேன். ஆரம்ப வயலின்களைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள்.

பழைய பாட்டில் பீட் சேர்ப்பது அவ்வளவு கஷ்டமா? ஆப்பில் ஐந்து நிமிடத்தில் செய்கிறார்களே?

செய்துவிடலாம், நன்றாகச் செய்வதுதான் கஷ்டம். மூன்று சிக்கல் இருக்கிறது.

அறுபதுகளின் பாட்டுகள் மோனோவில் பதிவானவை. பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே அறையில், ஒரே நேரத்தில். குரல் தனி ட்ராக்காக எங்கும் இல்லை. (ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படமாகப் பேசப்படுவதே 1978-ல் வந்த "ப்ரியா" தான்.) அதனால் டி.எம்.எஸ். குரலை எடுத்தால் கூடவே தபேலாவும் வரும். கடந்த சில வருடங்களில்தான் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் குரலையும் வாத்தியத்தையும் பிரிக்கிறது. பிரித்த குரலில் ஓரங்கள் தேய்ந்திருக்கும். உற்றுக் கேட்டால் தெரியும்.

இரண்டாவது வேகம். அன்றைக்குக் காதில் கிளிக் (வேகம் மாறாமல் இருக்க ஓடும் டிக் டிக் சத்தம்) வைத்து வாசிக்கவில்லை. இசைக்குழுவை நடத்துபவரின் கையசைவைப் பார்த்து வாசித்தார்கள். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வேகம் லேசாக ஏறும், இறங்கும். பாட்டு மூச்சு விடுவது அதனால்தான். கணினி லூப் அப்படி ஏறி இறங்காது. அதைப் பொருத்த வேண்டுமென்றால் பழைய பாட்டை இழுத்தும் நசுக்கியும் நேராக்க வேண்டும். நேராக்கினால் அந்த மூச்சு போய்விடும்.

மூன்றாவது நடை. பழைய பாட்டுகளில் திஸ்ர நடை அதிகம், மூன்று மூன்றாகத் துள்ளும். இன்றைய நடன பீட் நான்கு நான்காகப் போகும். மூன்றை நான்கில் திணிக்கும்போது சொல் உடைகிறது, குறில் நெடிலாகிறது. தமிழ் தெரிந்த காது இதை உடனே கண்டுபிடித்துவிடும்.

ரீமிக்ஸ் பற்றி மூலப் பாட்டைப் போட்டவர்கள் என்ன சொல்கிறார்கள்?

ஒரே குரலில் பேசவில்லை. ரஹ்மான் தானே பழைய பாட்டுகளை எடுத்தவர். அவருடைய "அந்த அரபிக் கடலோரம்" (பம்பாய், 1995) பாட்டின் இந்தி வடிவம் 2017-ல் "ஓகே ஜானு" படத்தில் புது உருவில் வந்தது, அந்தப் படத்துக்கு இசை அவரேதான். ஆனால் "டெல்லி-6" படத்தின் "மசக்கலி" பாட்டை 2020-ல் வேறு சிலர் மாற்றி வெளியிட்டபோது, குறுக்கு வழி இல்லாமல் பல இசைக் கலைஞர்களோடு தூக்கம் கெட்டு உழைத்துச் செய்த பாட்டு அது என்று வெளிப்படையாக எழுதி, மூலத்தைக் கேளுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

இளையராஜா தன் பாட்டுகளை அனுமதி இல்லாமல் பயன்படுத்துவதைத் தொடர்ந்து எதிர்த்து வருகிறார். 2017-ல் மேடைகளில் பாடியதற்காக நண்பர் எஸ்.பி.பி.க்கே நோட்டீஸ் போனது. 2024-ல் "மஞ்ஞும்மல் பாய்ஸ்" படத்தில் "குணா" (1991) படத்தின் "கண்மணி அன்போடு" பாட்டு ஒலித்ததற்கு நோட்டீஸ் அனுப்பினார். உரிமை வைத்திருக்கும் இசை நிறுவனத்திடம் வாங்கித்தான் பயன்படுத்தினோம் என்று படக்குழு சொன்னது. பாட்டைப் போட்டவர் ஒருவர், ஒலிப்பதிவு உரிமை வைத்திருப்பவர் இன்னொருவர். சண்டை முழுவதும் அந்த இடைவெளியில் நடக்கிறது. சட்டம் எப்படி முடிந்தாலும், ஒரு மனிதர் தன் பாட்டைக் கேட்காமல் எடுத்தால் வலிக்கிறது என்று சொல்லும்போது அதைப் பேராசை என்று பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அனுமதி இல்லாமல் ரீமிக்ஸ் செய்து வெளியிடலாமா? 60 வருடம் ஆன பாட்டு பொதுச் சொத்துதானே?

முதல் கேள்விக்கு: கூடாது. 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு கவர் பதிவுக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பாட்டு முதலில் பதிவான வருடம் முடிந்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து ராயல்டி கட்ட வேண்டும், தொழில்நுட்பத் தேவைக்கு மேல் பாட்டை மாற்றக்கூடாது. ராப் சேர்த்து, வரியை மாற்றி, நடையை மாற்றினால் இந்த வழிக்குள் அடங்காது. உரிமையாளர் சம்மதம் வேண்டும்.

இரண்டாவதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ஒரு பாட்டில் மூன்று உரிமை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒலிப்பதிவுக்கு, வெளியான அடுத்த வருடத்திலிருந்து 60 வருடம். வரிக்கும் மெட்டுக்கும், எழுதியவரும் இசையமைத்தவரும் மறைந்த அடுத்த வருடத்திலிருந்து 60 வருடம். "படகோட்டி" பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1964-ஆம் வருட ஒலிப்பதிவின் காலம் 2024 முடிவோடு தீர்ந்துவிட்டது. ஆனால் வாலி மறைந்தது 2013-ல், அதனால் வரிகள் 2073 வரை. இசையமைத்த இருவரில் ராமமூர்த்தி 2013-லும் விஸ்வநாதன் 2015-லும் மறைந்தார்கள். கடைசியாக மறைந்தவரை வைத்துக் கணக்கிட்டால் மெட்டு 2075 வரை. பழைய தட்டு என்பதால் எடுத்துப் போட்டுவிட முடியாது.

மறைந்த பாடகரின் குரலை வைத்துப் புதுப் பாட்டுப் போடுகிறார்களே?

2024-ல் "லால் சலாம்" படத்தின் "திமிறி எழுடா" பாட்டில் மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் ரஹ்மான் செயற்கை நுண்ணறிவால் கொண்டுவந்தார். குடும்பத்தாரின் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாக அவரே சொன்னார். அதே வருடம் "கோட்" படத்தின் "சின்னச் சின்ன கண்கள்" பாட்டில், அந்த ஜனவரியில் மறைந்த தன் அக்கா பவதாரிணியின் குரலை யுவன் கொண்டுவந்தார். அதை முதல்முறை கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

குடும்பத்தில் கேட்டு, பெயர் போட்டுச் செய்வது ஒன்று. யாரோ ஒருவர் வீட்டிலிருந்து எஸ்.பி.பி. குரலில் புதுப் பாட்டைப் "பாட வைத்து" இணையத்தில் ஏற்றுவது வேறு. இரண்டாவதை நான் கேட்பதில்லை.

தேடினால் ரீமிக்ஸ்தான் முதலில் வருகிறது. மூலப் பாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் வரியோடு படப் பெயரையும் வருடத்தையும் சேர்த்துத் தேடுங்கள். அதிலும் கிடைக்காவிட்டால் மூலப் பாடகர் பெயரைச் சேர்க்கலாம். தமிழ் எழுத்தில் தேடி வராவிட்டால் ஆங்கில எழுத்தில் தேடிப் பாருங்கள். "வெண்ணிலவே" என்பதன் கடைசி ஏகாரத்தைச் சில நிறுவனங்கள் ஒற்றை எழுத்தாலும் சில நிறுவனங்கள் இரண்டு எழுத்தாலும் எழுதுகின்றன, அதனால் இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

காதில் விழும் பாட்டை ஷஸாம் மாதிரி செயலி கண்டுபிடிப்பது ஒலிப்பதிவின் கைரேகையை வைத்து. அதனால் மூலமா ரீமிக்ஸா என்று சரியாகச் சொல்லும். நாம் முனகிக் காட்டினால் தேடித் தரும் வசதி மெட்டை வைத்து வேலை செய்கிறது, அது இரண்டையும் சேர்த்துக் காட்டும். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்று 12 இடம் கொண்ட குறியீடு உண்டு. ரீமிக்ஸுக்கு வேறு எண்தான். நிறுவனங்கள் பணம் பிரிப்பது அதை வைத்து. கேட்கிற நமக்கு அது கண்ணில் படாது.

பாட்டைப் பகிரும்போது என்ன எழுத வேண்டும்?

இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களிடம் கேளுங்கள். கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்கள் பாட்டுப் போடும் விதத்தை இன்னும் சொல்லிக் காட்டுவார்கள். படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று தாளம் தவறாமல் வரும். ராமேஸ்வரம் கரையில் இருந்தவருக்கும் திருநெல்வேலி டீக்கடையில் இருந்தவருக்கும் ஆலங்குடி சோமு, தஞ்சை ராமையாதாஸ் என்ற பெயர்கள் தெரிந்தது அப்படித்தான். அந்த அறிவிப்பு இருந்தவரை ஒரே முதல் வரியில் பத்துப் பாட்டு வந்தாலும் யாரும் குழம்பவில்லை.

இன்று பாட்டு முப்பது வினாடித் துண்டாக வருகிறது, மேலே முதல் வரிகூட இருப்பதில்லை. அதனால் நான் எதைப் பகிர்ந்தாலும் ஐந்து விஷயம் எழுதுவேன்: படம், வருடம், எழுதியவர், இசை, பாடியவர். ரீமிக்ஸ் என்றால் மூலத்தின் ஐந்தையும் சேர்த்துப் பத்து. என் அக்கா மகள் இதைப் பார்த்துவிட்டு, "மாமா, முக்காலா பாடியது யார்னு எனக்கு இவ்வளவு நாள் தெரியாது" என்றாள். அவள் 2020-ல் வந்த இந்தி வடிவத்தைத்தான் கேட்டிருந்தாள். 1994-ஆம் வருட "காதலன்" பாட்டைப் போட்டு, மனோவும் சொர்ணலதாவும் என்று சொன்னேன். சொர்ணலதா 2010-லேயே போய்விட்டார் என்றதும், அவர் பாடிய மற்ற பாட்டுகளையும் எழுதித் தரச் சொன்னாள். இதுவரை முப்பத்தெட்டு எழுதியிருக்கிறேன்.

கச்சேரியில் பாட்டுக் கேட்க விரும்பினால் சீட்டில் எப்படி எழுதுவது?

முதல் வரி, அதன் கீழே படப் பெயர். படம் நினைவில்லை என்றால் யார் நடித்தது என்று எழுதுங்கள், அதுவும் இல்லையென்றால் எந்தக் காலத்தில் கேட்டீர்கள் என்று எழுதுங்கள். ஒருமுறை ஒரு அம்மா, "அன்பே அன்பே, என் கல்யாணம் ஆன வருஷம், மெதுவாகப் போகும்" என்று எழுதி அனுப்பியிருந்தார். எந்த வருஷம் அம்மா என்று மைக்கில் கேட்டோம். தொண்ணூற்றெட்டு என்றார். "நீ என் பிள்ளை"யை வாசித்தோம்.